வீட்டில் மிளகாய் வளர்ப்பு: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடியில் மிளகாய் நாற்று விட்டு, கேட்பவர்களுக்குக் கொடுத்து வருகிறேன். வாங்கிப் போனவர்கள் அப்புறம் போனில் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விதைப் பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் கணக்கு எல்லா ஊருக்கும் பொதுவானது. சேலத்துச் சித்திரை வெயிலுக்கும் போர் தண்ணீருக்கும் அதைக் கொஞ்சம் மாற்றித்தான் ஆக வேண்டும். ஏற்காட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒரு கேள்வி கீழே இருக்கிறது.

வீட்டுல காய்ஞ்ச மிளகாய் இருக்குதுங்க. அதுல இருக்கிற விதையப் போட்டா முளைக்குமா?

முளைக்கும். நிறம் மங்காத, இந்த வருஷத்து வற்றலாக இருந்தால் பாதிக்கு மேல் முளைக்க வாய்ப்பு உண்டு. நிறம் வெளுத்த பழைய வற்றலில் முளைப்பு குறைந்துவிடும். வறுத்த மிளகாயில் எதிர்பார்க்கவே வேண்டாம்.

ஆனால் அந்த விதையில் என்ன செடி வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கடைக்கு வரும் மிளகாயில் வீரிய ஒட்டு ரகங்கள் நிறைய. அதன் விதையைப் போட்டால் தாய்ச் செடி மாதிரியே வராது. சும்மா நாலு செடி வைத்துப் பார்க்க வற்றல் விதை போதும். ஒரு வருஷத்துக்கு வீட்டுச் சமையலுக்கு வேண்டும் என்றால் நாட்டு ரக விதையோ, வேளாண் பல்கலைக்கழக ரகமோ வாங்குவது நல்லது. சந்தியூரில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தில் விதை, நாற்று பற்றி விசாரிக்கலாம்.

எந்த மாசம் விதை போடறது? எப்ப வேணா போடலாமா?

விதை எப்போது போட்டாலும் முளைக்கும். காய் பிடிக்கிற நேரம் எந்த மாதத்தில் விழுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். சேலத்துக்கு ஆனி, ஆடியில் விதைப்பதுதான் என் முதல் தேர்வு. நாற்று ஆவணியில் நடவுக்கு வரும், ஐப்பசி கார்த்திகையில் காய்க்கத் தொடங்கி, பங்குனி வெயில் ஏறும் வரை பறித்துக்கொண்டே இருக்கலாம். புரட்டாசி விதைப்பும் சரிதான். ஆனால் இளம் நாற்று ஐப்பசி மழையில் மாட்டும் என்பதால் மேலே ஒரு மறைப்பு வேண்டும்.

தை மாதமும் ஒரு பட்டம்தான். வயலில் பாசனம் கட்டி வளர்ப்பவர்கள் அதைச் சமாளிப்பார்கள். சிமெண்ட் மாடியில் பையில் வைத்த செடிக்கு, பூக்கும் நேரத்தில் பங்குனி, சித்திரை வந்துவிடும். அதனால் வரும் தொல்லையைப் பூ உதிர்வது பற்றிய கேள்வியில் பாருங்கள்.

விதை போட்டுப் பத்து நாள் ஆச்சு. ஒண்ணுமே வரலையே?

பொறுங்கள். மிளகாய், வெண்டை மாதிரி நாலு நாளில் எட்டிப் பார்க்காது. சூடான மாதங்களில் 7 முதல் 10 நாள், மார்கழியில் 15 நாளுக்கு மேலும் எடுக்கும். 25 முதல் 30 டிகிரி வெப்பம்தான் அதற்குப் பிடித்தது. விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் புதைக்காதீர்கள்.

முளைத்த நாற்று தண்டின் அடியில் நூலாக மெலிந்து சாய்ந்தால் அது நாற்றழுகல். தட்டில் தண்ணீர் தேங்குவதும் நாற்றை நெருக்கமாக விடுவதும்தான் காரணம். சாய்ந்தது பிழைக்காது. மீதியைக் காப்பாற்ற, தண்ணீரைக் குறைத்து, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். 35 முதல் 40 நாளில், ஐந்தாறு இலை வந்ததும் எடுத்து நடலாம். மாலையில் நட்டால் வாட்டம் குறைவு.

எவ்வளவு பெரிய பை வேணும்? என்ன மண்ணு?

ஒரு செடிக்கு 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம். அதற்குச் சின்னதில் செடி வளரும், ஆனால் கோடையில் வேர் வெந்துவிடும். கறுப்பு வாளியைத் தவிர்த்துவிடுங்கள். பையைச் சிமெண்ட் தரையில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வைத்தால், அடிச்சூடு தணியும், தண்ணீரும் வடியும்.

செம்மண் இரண்டு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் அல்லது நன்கு மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கருப்பூர், வெள்ளக்கல்பட்டி பக்கம் மேக்னசைட் சுரங்கத்தை ஒட்டி இருப்பவர்கள் அங்கே எடுக்கும் வெளிறிய மண்ணைப் பையில் போட வேண்டாம். அதில் சுண்ணாம்பு மாதிரியான காரத்தன்மை அதிகம். வேறு இடத்துச் செம்மண் ஒரு மூட்டை வாங்கிவிடுங்கள்.

எங்க வீட்டுல போர் தண்ணிதாங்க. அத ஊத்தலாமா?

ஊற்றலாம், கொஞ்சம் கவனத்தோடு. நம் ஊரில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. பையின் விளிம்பில் வெள்ளையாகப் படிவது அதுதான். வாரத்தில் இரண்டு நாளாவது மேட்டூர் குழாய்த் தண்ணீரோ, பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ கொடுங்கள். பத்து நாளுக்கு ஒரு முறை, பையின் அடியில் நன்றாக வடிந்து ஓடும் அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றினால் தேங்கிய உப்பு கழுவிப் போகும்.

எவ்வளவு என்று லிட்டர் கணக்குச் சொல்வதைவிட, விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். மழைக்காலத்தில் மூன்று நாள் ஊற்ற வேண்டி இருக்காது. சித்திரையில் காலை, மாலை இரு வேளையும் கேட்கும். மதிய வெயிலில் இலை தொங்குவதைப் பார்த்துப் பதறி ஊற்றாதீர்கள். சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் அது வெயில் வாட்டம் மட்டுமே.

புதுசா வர்ற இலை எல்லாம் மஞ்சளா இருக்குது. நரம்பு மட்டும் பச்சை. உரம் பத்தலையா?

உரம் போதவில்லை என்றால் முதலில் கீழே இருக்கும் பழைய இலைதான் மஞ்சளாகும். அதற்குக் கடலைப் புண்ணாக்கை ஊற வைத்து, ஒன்றுக்குப் பத்து தண்ணீர் சேர்த்து ஊற்றினால் போதும். புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருந்தும், மேலே சொன்ன சுண்ணாம்புத் தண்ணீரால் வேர் அதை எடுக்க முடியாமல் போகிறது.

அன்னபேதியை (இரும்பு சல்பேட் உப்பு) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, மாலையில் இலையில் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. தரையில் பட்டால் துருக்கறை போகாது, சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, இப்படிப்பட்ட செடிக்கு அடுப்புச் சாம்பல் போடாதீர்கள். சாம்பலும் சுண்ணாம்பு மாதிரிக் காரத்தன்மை உள்ளதுதான், குறை இன்னும் கூடும்.

பூ நிறைய பூக்குது. ஆனா எல்லாம் கொட்டிப் போகுது. ஒரு காய் கூட நிக்கல.

எனக்கு அதிகம் வரும் போன் இதற்குத்தான், அதுவும் மார்ச் முதல் மே வரை. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மிளகாய்ப் பூவின் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. இரவும் சூடாகவே இருந்தால் இன்னும் மோசம். சேலத்தில் அந்த மாதங்களில் 38, 40 டிகிரி சாதாரணம், சிமெண்ட் மாடியில் அதற்கும் மேல். செடி தன் பூவைத் தானே உதிர்த்து உயிரைக் காத்துக்கொள்கிறது. அதை நோய் என்று நினைத்து மருந்து தெளிப்பது வீண்.

செய்யக்கூடியது மூன்று. 50 சதவீதப் பச்சை நிழல்வலையை மதியம் வெயில் அடிக்கும் மேற்குப் பக்கம் கட்டுங்கள். காலை வெயில் ஐந்து மணி நேரம் கிடைத்தால் மிளகாய்க்குத் தாராளம். பையின் மேல் மண்ணைத் தேங்காய் மட்டை, காய்ந்த இலை கொண்டு மூடுங்கள். ஒரு நாள் காய்ந்து மறுநாள் குளமாகாமல், தண்ணீரை ஒரே சீராகக் கொடுங்கள்.

வெயில் இல்லாத மாதத்திலும் கொட்டினால் வேறு காரணம் தேடணும். செடி கரும்பச்சையாக, இலை மட்டும் கொழுகொழு என்று இருந்தால் தழைச்சத்து கூடிவிட்டது. புண்ணாக்குக் கரைசலை ஒரு மாதம் நிறுத்துங்கள். பூவை உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள், ஓடும் சின்னப் பூச்சி தெரிந்தால் இலைப்பேன். தேங்காய்ப் பாலும் மோரும் சேர்த்துப் புளிக்க வைத்த தேமோர் கரைசலை லிட்டருக்கு 50 மில்லி கலந்து தெளிக்கிறவர்கள் உண்டு, நானும் பூக்கும் நேரத்தில் தெளிக்கிறேன். ஆனால் 40 டிகிரி வெயிலை எந்தக் கரைசலும் ஜெயிக்காது.

இலை எல்லாம் சுருண்டு போச்சு. என்ன மருந்து அடிக்கணும்?

மருந்துக் கடைக்குப் போகும் முன், எந்தப் பக்கமாகச் சுருள்கிறது என்று பாருங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். சுருட்டல் என்று ஒரே பேரில் சொல்கிறோமே தவிர, அது மூன்று வேறு வேறு தொல்லை. ஒன்றுக்கு உரிய மருந்து இன்னொன்றுக்கு உதவாது.

இலையின் ஓரம் மேல் நோக்கி மடிந்து, படகு மாதிரி ஆனால் இலைப்பேன். வறண்ட வெயில் நாளில் வரும். அடிப்பக்கம் வெள்ளிப் பூச்சாகத் தேய்ந்த தடம் இருக்கும். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசல் சேர்த்து, இலையின் அடியில் படும்படி வாரம் ஒரு முறை தெளியுங்கள். நீல ஒட்டும் அட்டை ஒன்று தொங்கவிடுங்கள். செடியின் மேல் அவ்வப்போது தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி குறையும்.

ஓரம் கீழ் நோக்கி மடிந்து, கவிழ்த்த படகு போல் ஆகி, இலை தடித்து, காம்பு நீண்டு, நுனி எலி வால் மாதிரி மெலிந்தால் அது மஞ்சள் சிலந்தி. கண்ணுக்குத் தெரியாது, உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். சிலந்திக்குப் பூச்சி மருந்து அடித்தால் அதைத் தின்னும் நல்ல பூச்சிகள்தான் சாகும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் போதும். கெட்டுப்போன கொழுந்தைக் கிள்ளி எறிந்துவிட்டுத் தெளியுங்கள்.

இலை சிறுத்து, நரம்பு தடித்து, மஞ்சள் ஓடி, கணுவுக்குக் கணு நெருங்கிப் புதராக நின்றுவிட்டால் இலைச்சுருள் வைரஸ். வெள்ளை ஈ கொண்டு வருவது. இதற்கு மருந்து கிடையாது. விற்கிறவர் என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம். செடியை வேரோடு பிடுங்கி, பையில் கட்டி, குப்பை வண்டியில் போட்டுவிடுங்கள். ஆசையாக வளர்த்ததைப் பிடுங்க மனசு வராது, தெரியும். ஆனால் அந்த ஒரு செடியை வைத்திருந்தால், பக்கத்து மிளகாய், தக்காளிக்கும் பரவ வெள்ளை ஈக்கு வழி செய்து கொடுத்ததாகும். மஞ்சள் ஒட்டும் அட்டை வைத்தால் வெள்ளை ஈ வந்திருப்பது முன்கூட்டியே தெரியும்.

வேப்பெண்ணெய் அடிச்சதுக்கு அப்புறம் இலை கருகிடுச்சே?

அளவு கூடியிருக்கும், எண்ணெய் சரியாகக் கரையாமல் இருந்திருக்கும், அல்லது வெயிலில் அடித்திருப்பீர்கள். சோப்பை முதலில் எண்ணெயோடு குழைத்து, பால் மாதிரி ஆனதும் தண்ணீர் சேருங்கள். வெயில் இறங்கின பிறகுதான் தெளிக்கணும்.

கந்தகத்துக்கும் வேப்பெண்ணெய்க்கும் நடுவே இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். ஒன்றின் மேல் ஒன்று பட்டால் இலை கருகும். சித்திரையில் கந்தகத்தையே தொட வேண்டாம்.

காயோட நுனி வெள்ளையா காஞ்சு அழுகுது. முட்டை ஓடு போட்டும் நிக்கல.

நுனியில் மட்டும் காய்ந்த தோல் மாதிரி வெளிறினால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. நம் தண்ணீரில் சுண்ணாம்புக்குக் குறைவே இல்லை. அது காய் வரை போக, சீரான ஈரம் வேண்டும். அதனால் முட்டை ஓட்டைவிட, வேளை தவறாத தண்ணீர்தான் மருந்து.

பழுத்த காயில் வட்டமாகக் குழி விழுந்து, நடுவே கறுப்புப் புள்ளிகள் வளையமாக இருந்தால் அது பழ அழுகல் பூஞ்சை. மழை, மூட்டமான நாட்களில் வரும். அந்தக் காய்களை உடனே பறித்து அப்புறப்படுத்துங்கள், இலைக்கு மேல் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். அதிலிருந்து விதை எடுக்கக் கூடாது, வற்றலும் போடக் கூடாது.

நாங்க நாலு பேரு. எத்தனை செடி வெச்சா கடையில வாங்க வேண்டாம்?

பச்சை மிளகாய்க்கு ஆறு செடி. ஆறையும் ஒரே நாளில் நடாமல், மூன்று முதலிலும் மூன்று ஒரு மாதம் கழித்தும் நட்டால் இடைவெளி விழாது. தட்டுவடை செட்டுக்குச் சட்னி வீட்டிலேயே அரைக்கும் குடும்பம் என்றால் இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். வருஷம் முழுக்க வற்றலும் வீட்டிலேயே வேண்டும் என்றால் மாடி பத்தாது, தோட்டம் வேண்டும்.

எப்ப பறிக்கலாம்? பச்சையா பறிக்கறதா, பழுக்க விடறதா?

நட்டு இரண்டு, இரண்டரை மாதத்தில் முதல் பச்சைக் காய் பறிக்கலாம். முழு நீளம் வந்து, தோல் பளபளத்து, அமுக்கினால் கெட்டியாக இருக்க வேண்டும். சிவப்பாகப் பழுக்க அதற்கு மேல் ஒரு மாதம். காம்போடு பறியுங்கள், காம்பில்லாத மிளகாய் சீக்கிரம் அழுகும். கையால் இழுத்தால் கிளை முறியும், கத்தரிக்கோலால் வெட்டுவது நல்லது. காலையில் பனி ஈரம் காய்ந்த பிறகு பறியுங்கள்.

பறிக்கப் பறிக்கத்தான் செடி பூக்கும். பழத்தைச் செடியிலேயே விட்டால் புதுப் பூ குறைந்துவிடும். அதனால் இரண்டும் வேண்டும் என்றால் இரண்டு செடியைப் பழத்துக்கு ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை வாரம் இரு முறை பச்சையாகவே பறித்துவிடுங்கள்.

வீட்டு மிளகாய்ல காரமே இல்லையே. ஒரு செடியிலயே ஒண்ணு காரம், ஒண்ணு சப்புனு இருக்குது?

காரம் முதலில் ரகத்தைப் பொறுத்தது. அதற்குப் பிறகு காயின் முதிர்ச்சி. பிஞ்சாகப் பறித்தால் சப்பென்றுதான் இருக்கும். வெயிலும் லேசான வறட்சியும் காரத்தை ஏற்றும், மழை மாதத்துக் காயில் காரம் குறையலாம். ஒரே செடியில் அடுத்தடுத்த காய்கள் மாறுவதும் இயல்பு.

விதையில்தான் காரம் என்று எடுத்துப் போடுகிறோம். உண்மையில் விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில்தான் காரப்பொருள் உண்டாகிறது. காரம் குறைய வேண்டும் என்றால் அந்த வெள்ளையைச் சுரண்டுங்கள். அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். நறுக்கின கை எரிந்தால் முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்து, அப்புறம் சோப்புப் போடுங்கள். வாய் எரிந்தால் தயிரோ பாலோ கேட்கும்.

வத்தல் போடறப்ப பாதி வெள்ளையா போயிடுது. எப்படிக் காய வெக்கறது?

அரைப்பழத்தைப் பறித்துக் காயவைத்தால் வெளுக்கும். முழுதாகச் சிவந்ததை மட்டும் பறித்து, நிழலில் ஒரு நாள், இரண்டு நாள் குவித்து மூடி வைத்தால் நிறம் ஒன்று போல ஏறும். பிறகு வெறும் சிமெண்டில் போடாமல் பாயிலோ துணியிலோ ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். தினமும் கிளறி, சாயங்காலம் பனி விழும் முன் உள்ளே எடுத்துவிடுங்கள். பத்துப் பதினைந்து நாளில், குலுக்கினால் விதை கலகலக்கும், காம்பு ஒடியும். ஒரு கிலோ பழத்துக்குக் கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வற்றல் நிற்கும்.

அரைகுறையாகக் காய்ந்ததை டப்பாவில் போட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்ததைத் துடைத்துவிட்டு உபயோகிக்காதீர்கள். அதில் உண்டாகும் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும், சமைத்தாலும் போகாது.

நாங்க ஏற்காட்டுல இருக்கோம். நீங்க சொல்றது எல்லாம் இங்க சரிப்படுமா?

பாதி சரிப்படாது. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். அதே நாளில் ஏழெட்டு டிகிரி குறைவு. பங்குனி, சித்திரையில் கீழே நாங்கள் பூ கொட்டுகிறது என்று தவிக்கும்போது உங்கள் செடி அழகாகக் காய்க்கும். மாசியில் விதைத்து வைகாசி முதல் பறிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மார்கழி, தையில் இரவுக் குளிர் 15 டிகிரிக்குக் கீழே போகும்போது செடி நின்ற இடத்திலேயே நிற்கும், பூவும் உதிரும். உரம் கொடுத்து எழுப்பப் பார்க்காதீர்கள்.

உங்களுக்கு இலைப்பேனைவிடப் பனிமூட்டத்தில் வரும் பழ அழுகல்தான் பெரிய தொல்லை. செடிக்குச் செடி இரண்டடி விடுங்கள், சில்வர் ஓக் மரம், காப்பிச் செடி நிழலுக்கு வெளியே வெயில் படும் இடத்தில் வையுங்கள். காப்பித் தோட்ட மண் புளிப்பு மண் என்பதால் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்கலாம். அன்னபேதி உங்களுக்குத் தேவைப்படாது. நிழலான இடம் மட்டும்தான் இருக்கிறது என்றால் காந்தாரி மிளகாய் வையுங்கள், அது தாங்கும். வற்றலை மலையில் காய வைப்பது சிரமம், அடுப்புச் சூட்டிலோ, கீழே இருக்கும் சொந்தக்காரர் வீட்டு மாடியிலோ காய வையுங்கள்.

ஒரு வருஷம் ஆச்சு. செடியப் பிடுங்கிடலாமா?

நோய் இல்லாத செடியைப் பிடுங்க வேண்டாம். மிளகாய் இரண்டு, மூன்று வருஷம் இருக்கும். கோடை மழை பெய்து வெயில் தணிந்ததும் பாதி உயரத்துக்கு வெட்டிவிட்டு, மேல் மண்ணை எடுத்துப் புது மண்புழு உரம் போடுங்கள். ஒன்றரை மாதத்தில் மறுபடி பூக்கும். காய் கொஞ்சம் சிறுக்கும். வைரஸ் வந்ததை வெட்டிப் பிழைக்க வைக்க முடியாது.

குடைமிளகாய் பக்கத்துல கார மிளகாய் வெச்சா குடைமிளகாய் காரமாகிடுமா? அதுல விதை எடுக்கலாமா?

இந்த வருஷத்துக் குடைமிளகாய் காரமாகாது. காயின் சதை தாய்ச் செடியைச் சேர்ந்தது. ஆனால் தேனீ மாற்றி வைத்த மகரந்தம் உள்ளே இருக்கும் விதையில் கலந்திருக்கும். அந்த விதையை அடுத்த வருஷம் போட்டால் காரமான குடைமிளகாய் வரலாம்.

ரகம் கெடாமல் விதை வேண்டும் என்றால், மலராத மொட்டுகள் இருக்கும் கிளைக்கு மெல்லிய துணிப் பை கட்டுங்கள். உள்ளேயே மலர்ந்து, கிளையை லேசாகத் தட்டினால் தன் மகரந்தத்தில் காய் பிடிக்கும். பிடித்ததும் பையைக் கழற்றி, அந்தக் காய்க்கு நூல் அடையாளம் கட்டிப் பழுக்க விடுங்கள்.

நல்லா இருந்த செடி திடீர்னு மொத்தமா வாடிப் போச்சு. மண்ணு ஈரமாத்தான் இருக்குது. அந்தப் பையில வேற செடி வெக்கலாமா?

போர் தண்ணீர் கேள்வியில் சொன்ன வெயில் வாட்டம் சாயங்காலம் நிமிர்ந்துவிடும். ஈர மண்ணில் காலையிலும் தொங்கிக்கொண்டே இருந்தால் வேரழுகலோ, பாக்டீரியா வாடலோ. அடித்தண்டை ஒரு துண்டு வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிடுங்கள். வெட்டின இடத்திலிருந்து சில நிமிடத்தில் வெள்ளை நூல் மாதிரி பால் இறங்கினால் பாக்டீரியா வாடல். பால் இறங்காமல், வேர் பழுப்பாகி நசநசத்தால் வேரழுகல். அதற்கு வடிகால் அடைத்திருக்கும்.

இரண்டிலும் செடி பிழைப்பது அரிது. பாக்டீரியா வாடல் என்றால் அந்த மண்ணில் மிளகாய், தக்காளி, கத்தரி மூன்றும் வைக்கக் கூடாது, வெட்டின கத்தரிக்கோலையும் கொதிநீரில் கழுவுங்கள். சித்திரை வெயில் இதற்கு உதவும். மண்ணை நனைத்து, கண்ணாடி மாதிரித் தெளிவான பாலித்தீன் தாளில் காற்றுப் புகாமல் மூடி, மாடியில் மெல்லிய அடுக்காக ஐந்தாறு வாரம் போட்டு வையுங்கள். அப்புறமும் முதல் இரண்டு பட்டத்துக்குக் கீரையோ கொத்தவரையோ மட்டும் போடுங்கள்.